மாஸ்டடானில் முதல் மாதம்: சிங்கப்பூர்த் தமிழருக்கு ஒரு வழிகாட்டி

எக்ஸிலும் ஃபேஸ்புக்கிலும் பல ஆண்டுகள் எழுதிப் பழகியவர்கள் மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்துக்கு வந்தால், பெரும்பாலும் முதல் வாரத்திலேயே கிளம்பிவிடுகிறார்கள். உள்ளே நுழைந்ததும் டைம்லைன் வெறிச்சோடிக் கிடக்கும். ஒரு பதிவு போட்டால் நாய்கூட எட்டிப் பார்க்காது. "இங்கே ஆளே இல்லை" என்று கைப்பேசியிலிருந்து செயலியை நீக்கிவிடுவார்கள். ஆள் இருக்கிறார்கள், தமிழர்களும் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் பதிவை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் முன்னால் வைக்க இங்கே அல்காரிதம் கிடையாது. அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். முதல் மாதம் கொஞ்சம் மெனக்கெட்டால் அதற்கப்புறம் தானாக ஓடும்.

முதலில் இது எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்வோம். சிங்டெல் எண் வைத்திருப்பவர் ஸ்டார்ஹப் எண்ணுக்கு அழைக்கலாம், எம்1 எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். நிறுவனங்கள் வேறு வேறு என்றாலும் பேச்சு தடைபடுவதில்லை. மாஸ்டடானும் அப்படித்தான். ஆயிரக்கணக்கான சர்வர்களை வெவ்வேறு ஆட்கள் நடத்துகிறார்கள். ஒன்றில் கணக்கு வைத்துக்கொண்டு மற்றதில் இருப்பவரைப் பின்தொடரலாம், பதில் எழுதலாம். அதனால்தான் முகவரியில் இரண்டு பகுதி: @பெயர்@சர்வர். ஆய்கன் ரோச்கோ என்பவர் ஜெர்மனியில் 2016இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் இது. சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் நெறிமுறைக்கு ஆக்டிவிட்டிபப் என்று பெயர்; 2018 ஜனவரியில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதை அதிகாரபூர்வப் பரிந்துரையாக அறிவித்தது. 2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் டுவிட்டரை வாங்கியபோது பெருங்கூட்டம் இந்தப் பக்கம் வந்தது. வந்ததில் ஒரு பகுதி திரும்பிப் போய்விட்டது, ஒரு பகுதி தங்கிவிட்டது.

சரி, வேலையைத் தொடங்குவோம்.

சர்வர்: சின்னதா, பெரியதா?

பெரும்பாலான வழிகாட்டிகள் "உங்கள் ஆர்வத்துக்கு ஏற்ற சின்ன சர்வராகப் பாருங்கள்" என்று சொல்லும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு அது நல்ல ஆலோசனைதான். தமிழில் எழுதப் போகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

காரணம் இருக்கிறது. ஒரு சர்வர் உலகத்தில் உள்ள எல்லாப் பதிவுகளையும் இழுத்து வைத்துக்கொள்வதில்லை. பெரும்பாலும் அந்த சர்வரில் இருக்கும் யாராவது ஒருவர் பின்தொடர்ந்தால்தான் வெளியில் இருப்பவருடைய பதிவு அங்கே வந்து சேரும். இருநூறு பேர் இருக்கும் சர்வரில் நீங்கள் மட்டும்தான் தமிழர் என்று வையுங்கள். 'தமிழ்' என்று ஹேஷ்டேக்கைத் தேடினால் ஒன்றுமே வராது. யாரும் எழுதவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. எழுதியது அந்த சர்வரை எட்டவில்லை, அவ்வளவுதான். மாஸ்டடான் அமைப்பே நடத்தும் மாஸ்டடான்.சோஷியல் போன்ற பெரிய சர்வரில் அதே ஹேஷ்டேக்கைத் தேடினால் நிலைமை வேறு. அங்கே சென்னைக்காரர், யாழ்ப்பாணத்துக்காரர், டொராண்டோக்காரர் என்று யாரோ ஒருவர் ஏற்கனவே யாரையாவது பின்தொடர்ந்துகொண்டிருப்பார். அதனால் முதலில் பெரிய சர்வரில் தொடங்குங்கள். பழகியபின் பிடித்த சின்ன சர்வருக்கு மாறிக்கொள்ளலாம். எப்படி மாறுவது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சேருமுன் அந்த சர்வரின் விதிமுறைப் பக்கத்தைப் படியுங்கள். பெரும்பாலும் ஒரே பக்கம்தான் இருக்கும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதச் சொல்லும் சர்வர்கள் உண்டு. மொழிக்கு எதிரான எண்ணம் எதுவும் அதில் இல்லை. புரியாத மொழியில் வரும் புகார்களைக் கவனிக்க அவர்களிடம் ஆள் இல்லை. ஆனாலும் உங்களுக்கு அந்த இடம் ஆகாது. இன்னொன்றையும் பாருங்கள்: சர்வரின் செலவை யார் கொடுக்கிறார்கள்? பெரும்பாலானவை நன்கொடையில் ஓடுகின்றன. பெரிய பெயர் இருந்தால் மட்டும் நிலைத்துவிடும் என்று நம்ப வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொஸில்லாவே தனியாக ஒரு மாஸ்டடான் சர்வரைத் தொடங்கி, 2024 டிசம்பரில் மூடிவிட்டது.

கணக்கும் முகமும்

பயனர் பெயரில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே செல்லும். ஆனால் திரையில் தெரியும் பெயரைத் தாராளமாகத் தமிழில் வைக்கலாம், அப்படியே வையுங்கள். டைம்லைனில் தமிழ் எழுத்தில் ஒரு பெயரைப் பார்த்தால் இன்னொரு தமிழர் நின்று பார்ப்பார். ஒரு படம், இரண்டு வரி அறிமுகம், அதில் 'சிங்கப்பூர்' என்ற சொல். இவ்வளவும் வைத்துவிட்டுத்தான் யாரையும் பின்தொடரத் தொடங்க வேண்டும். படமும் இல்லை, பதிவும் இல்லை என்று வெறுமையாக இருக்கும் கணக்கை மோசடிக் கணக்கு என்று நினைத்து முடக்கிவிடுகிறவர்கள் இங்கே நிறைய.

அமைப்புகளில் 'தனியுரிமையும் வீச்சும்' என்பது போன்ற ஒரு பகுதி இருக்கும். உங்கள் கணக்கைப் பரிந்துரைகளில் காட்டலாமா, உங்கள் பொதுப் பதிவுகள் தேடலில் வரலாமா என்று அங்கே இரண்டு கேள்விகள் உண்டு. தேடலில் வருவதற்கு நீங்களாக அனுமதி கொடுக்க வேண்டும். இது தெரியாமல் பல பேர் யாருக்கும் கண்ணில் படாமலேயே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆட்களைச் சேர்க்க வேண்டும் என்றால் இரண்டையும் திறந்துவிடுங்கள்.

சொந்தமாக வலைப்பக்கம் வைத்திருப்பவர் பச்சை நிறச் சரிக்குறியும் வாங்கலாம். உங்கள் மாஸ்டடான் பக்கம் தரும் இணைப்பு வரியை வலைப்பக்கத்தில் ஒட்டி, வலைப்பக்கத்தின் முகவரியைச் சுயவிவரத்தில் சேர்த்தால் போதும். இதற்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை. 'உங்கள் கணக்கைச் சரிபார்க்க இங்கே அழுத்துங்கள்' என்று தனிச்செய்தி வந்தால் அது மோசடி. மாஸ்டடானில் அப்படி ஒரு சரிபார்ப்பு முறையே கிடையாது.

அப்புறம் அறிமுகப் பதிவு. பெயர், ஊர், எதைப் பற்றி எழுதுவீர்கள், எதைப் படிக்க ஆசை. ஐந்தாறு வரி போதும். 'அறிமுகம்' என்று தமிழில் ஒரு ஹேஷ்டேக், 'இன்ட்ரடக்‌ஷன்' என்பதை ஆங்கில எழுத்தில் ஒன்று, 'தமிழ்' என்பதை இரண்டு எழுத்திலும். எழுதியதைச் சுயவிவரத்தின் உச்சியில் குத்தி வையுங்கள். பின்னால் உங்கள் பக்கத்துக்கு வரும் எல்லாரும் முதலில் படிப்பது அதைத்தான்.

ஆட்களைத் தேடுவது

மாஸ்டடானில் ஆட்களை மட்டுமல்ல, ஹேஷ்டேக்கையும் பின்தொடரலாம். முதல் மாதத்தில் உங்களைக் காப்பாற்றப் போவது இதுதான். ஹேஷ்டேக்கைத் தேடி, அந்தப் பக்கத்தில் பின்தொடரும் பொத்தானை அழுத்தினால், அந்தக் குறியோடு சர்வருக்கு வரும் பொதுப் பதிவுகள் எல்லாம் உங்கள் முகப்புக்கு வந்துவிடும். தமிழ், சிங்கப்பூர் இரண்டையும் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் தொடருங்கள். அதோடு உங்கள் பொழுதுபோக்கைச் சேருங்கள்: பறவை பார்ப்பது, சமையல், லினக்ஸ், சைக்கிள், எதுவாக இருந்தாலும். பொழுதுபோக்கு ஹேஷ்டேக்குகளில் தமிழர் அதிகம் இருக்க மாட்டார்கள். இருந்தாலும் காலி டைம்லைனைப் பார்த்துக்கொண்டு உட்காருவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஒருவரைப் பிடித்துவிட்டால் அவர் யாருக்குப் பதில் எழுதுகிறார், யாருடைய பதிவைப் பூஸ்ட் செய்கிறார் (அதாவது தன்னைப் பின்தொடர்பவர்களுக்கு மறுபகிர்வு செய்கிறார்) என்று பாருங்கள். தமிழ்க் கூட்டம் சின்னது. ஒருவரைப் பிடித்தால் மற்றவர்களுக்கு வழி தெரிந்துவிடும். அவர் யார் யாரைப் பின்தொடர்கிறார் என்ற பட்டியலை அவர் மறைக்கவில்லை என்றால் அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

ஒரு குழப்பத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வேறு சர்வரில் இருப்பவரின் பக்கத்துக்குப் போனால் பதிவே இல்லாதது போலத் தெரியலாம். உங்கள் சர்வரில் இதுவரை யாரும் அவரைப் பின்தொடரவில்லை என்றால் அவருடைய பழைய பதிவுகள் வந்திருக்காது. அவருடைய சொந்த சர்வரில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தேடும் பெட்டியில் முழு முகவரியையும் ஒட்டினால்தான் சிலர் அகப்படுவார்கள்.

எழுதுவது

வழக்கமான மாஸ்டடான் சர்வரில் ஒரு பதிவுக்கு 500 எழுத்து. இதில் தமிழுக்கு ஒரு லாபம் இருக்கிறது. டுவிட்டர் காலத்தில் எழுதியவர்களுக்கு நினைவிருக்கும்: 280 எழுத்து என்பார்கள், தமிழில் எழுதினால் பாதியிலேயே தீர்ந்துவிடும். புள்ளி, கொம்பு, கால், விசிறி எல்லாவற்றையும் அது தனித்தனியாக எண்ணியது. 'சிங்கப்பூர்' என்பது நம் கணக்கில் ஆறு எழுத்து, அதன் கணக்கில் பதினொன்று. மாஸ்டடான் நம்மைப் போலவே ஆறு என்று எண்ணும். எவ்வளவு நீளமான இணைப்பைப் போட்டாலும் அதற்கு 23 எழுத்து மட்டுமே கழியும். மூச்சு விட்டு எழுதலாம்.

எழுதும் பெட்டிக்குப் பக்கத்தில் மொழியைத் தேர்ந்தெடுக்கும் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அநேகம் பேர் அதைத் தொடுவதே இல்லை. தமிழில் எழுதிவிட்டு மொழியை ஆங்கிலம் என்றே விட்டுவைத்தால், மொழிவாரியாக வடிகட்டிப் படிப்பவருக்கு அந்தப் பதிவு போய்ச் சேராது. திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளும் தமிழை ஆங்கிலமாக நினைத்துத் தடுமாறும். சிங்கப்பூரில் நாம் எல்லாருமே இரண்டு மொழியில் எழுதுகிறவர்கள். காலையில் எம்ஆர்டி தாமதத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பதிவு, இரவில் படித்த கதையைப் பற்றித் தமிழில் ஒரு பதிவு என்று போகும். மொழியைச் சரியாகக் குறித்துவிட்டால் உங்களைப் பின்தொடர்பவர் "இவரிடமிருந்து தமிழ்ப் பதிவுகள் மட்டும் வரட்டும்" என்று அமைத்துக்கொள்ளலாம். அந்த வசதி உண்மையிலேயே இருக்கிறது, பின்தொடரும் பொத்தானுக்குப் பக்கத்தில் உள்ள பட்டியலில். அதனால் தமிழுக்கு ஒரு கணக்கு, ஆங்கிலத்துக்கு ஒரு கணக்கு என்று பிரிக்க வேண்டிய அவசியமில்லை.

ஹேஷ்டேக் தமிழ் எழுத்திலேயே நன்றாக வேலை செய்யும். நடுவில் இடைவெளி விடக்கூடாது, சிறுகோடு போட்டாலும் அங்கேயே அறுந்துவிடும். பிரிக்க வேண்டும் என்றால் அடிக்கோடு. ஒரு பதிவுக்கு மூன்று, நான்கு போதும். பத்துப் பதினைந்து ஹேஷ்டேக் அடுக்கும் இன்ஸ்டகிராம் பழக்கம் இங்கே விளம்பரக்காரர் போலத் தோன்றும்.

எதை எழுதுவது என்று தயங்குகிறவர்களுக்கு: ஊரைப் பற்றி எழுதுங்கள். சிராங்கூன் சாலையின் தீபாவளி ஒளியூட்டைப் பற்றிச் சென்னைக்காரருக்கும் டொராண்டோக்காரருக்கும் தெரிந்துகொள்ள ஆசை இருக்கும். தேக்கா சந்தையில் இன்றைக்கு எந்த மீன் நன்றாக இருந்தது, சுங்கை பூலோவுக்கு வலசைப் பறவைகள் வந்துவிட்டனவா, ஏப்ரலில் தமிழ்மொழி விழாவில் எந்த நிகழ்ச்சிக்குப் போனீர்கள், கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையத்தில் என்ன பார்த்தீர்கள், வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் பொங்கல் வைத்தார்களா. இதெல்லாம் நமக்குச் சாதாரணம், வெளியில் இருப்பவருக்குப் புதிது. ஊர் அரசியல் சண்டையை எழுத ஏற்கனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

படம் போட்டால் அதில் என்ன இருக்கிறது என்று விவரிக்கும் மாற்று உரையையும் எழுதிவிடுங்கள், தமிழிலேயே. 1,500 எழுத்து வரை இடம் உண்டு. பார்வையற்றவர்களும் பார்வை குறைந்தவர்களும் இங்கே நிறையப் பேர் எழுதுகிறார்கள். விவரிப்பு இல்லாத படத்தைப் பூஸ்ட் செய்யவே மாட்டேன் என்று சுயவிவரத்திலேயே எழுதி வைத்திருப்பவர்களைப் பார்க்கலாம். இதை ஒரு சட்டம் போல யாரும் திணிக்கவில்லை, ஆனால் ஊர் வழக்கம் ஆகிவிட்டது.

எழுத்துப்பிழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பதிவைத் திருத்தும் வசதி உண்டு. ஏற்கனவே பூஸ்ட் செய்தவர்களுக்கு "இது திருத்தப்பட்டது" என்று அறிவிப்புப் போகும். அதனால் ஒரேயடியாகக் கருத்தை மாற்றி எழுதிவிடாதீர்கள்.

நட்சத்திரம் போதாது

முதல் மாதத்தில் பதிவு போடுவதைவிடப் பதில் போடுவதில்தான் அதிக நேரம் போக வேண்டும். இந்தக் கட்டுரையில் வேறெதையும் கடைப்பிடிக்காவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள்.

மற்ற தளங்களில் ஒரு விருப்பக்குறி போட்டால் அல்காரிதம் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு அந்தப் பதிவை இன்னும் நாலு பேருக்குக் காட்டும். மாஸ்டடானில் நட்சத்திரத்தை அழுத்தினால் எழுதியவருக்கு ஓர் அறிவிப்புப் போகும். உங்களைப் பின்தொடர்பவர்களின் முகப்பில் அது எதையும் கொண்டுபோய்ச் சேர்க்காது. "படித்தேன், பிடித்தது" என்று தலையசைப்பது போல. அது நல்ல பழக்கம்தான், ஆனால் பதிவு நகராது. நகர வேண்டும் என்றால் பூஸ்ட் செய்ய வேண்டும். தமிழில் எழுதும் புதியவர் ஒருவரின் பதிவைப் பத்துப் பேர் பூஸ்ட் செய்தால் அது பத்து சர்வர்களுக்குப் போகலாம். முன்பு சொன்னேனே, 'தமிழ்' ஹேஷ்டேக் காலியாக இருக்கும் சின்ன சர்வர்கள் என்று, அவற்றை நிரப்புவதும் இந்த பூஸ்ட்தான். நம் மொழிக்கு இது ஒரு ஆளின் பெருந்தன்மை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல, குழாய்க்கு நீர் வரும் வழியே அதுதான்.

பதில் எப்படி எழுதுவது? "அருமை", "சூப்பர்" என்று விட்டுவிட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஒருவர் வீட்டில் செய்த மீன் குழம்பைப் போட்டிருந்தால், "எங்கள் வீட்டில் இதற்கு மாங்காய் போடுவோம், நீங்கள் புளி மட்டுமா?" என்று கேளுங்கள். கேள்வி இருந்தால் அடுத்த பதில் வரும். அதைப் பார்த்து மூன்றாமவர் நுழைவார். உங்கள் பதிலையும் அவருடைய பதிவையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் இருவரையும் பின்தொடர்பவர்கள்தான்; ஆகவே கூட்டம் சின்னதாக இருக்கும், அறிமுகம் சீக்கிரம் நெருக்கமாகும். வயதில் மூத்தவர் என்று தெரிந்தால் 'ஐயா', 'அக்கா' என்று எழுதுவதில் தப்பில்லை, நம் ஊர்ப் பழக்கம் அங்கேயும் செல்லும்.

அடுத்தவர் பதிவை மேற்கோள் காட்டி எழுதும் வசதி மாஸ்டடானில் 2025இல்தான் வந்தது. கிண்டல் செய்யத்தான் அதைப் பயன்படுத்துவார்கள் என்ற தயக்கத்தில் பல காலம் அதைச் சேர்க்காமலேயே வைத்திருந்தார்கள். தன் பதிவை யார் மேற்கோள் காட்டலாம் என்று எழுதியவரே தீர்மானிக்கலாம். சந்தேகம் இருந்தால் நேராகப் பதிலே எழுதிவிடுங்கள்.

எந்த நேரத்தில்?

டைம்லைன் நேர வரிசையில்தான் ஓடும். புதியது மேலே, பழையது கீழே. நல்ல பதிவு என்பதற்காக நேற்று எழுதியது இன்று மேலே ஏறி வராது. அதனால் படிப்பவர் விழித்திருக்கும் நேரத்தில் எழுதுவது மிகவும் முக்கியம். நாம் தமிழ்நாட்டைவிடவும் இலங்கையைவிடவும் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். இங்கே இரவு 10 மணி என்றால் அங்கே மாலை 7.30, வேலை முடித்து, காபி குடித்துவிட்டுக் கைப்பேசியை எடுக்கும் நேரம். கனடாத் தமிழர்களுக்கு எழுத வேண்டும் என்றால் நம் காலை நேரம் சரி. இங்கே காலை 8 மணிக்கு டொராண்டோவில் முந்திய நாள் இரவு 8 மணி, அங்கே குளிர்காலம் என்றால் 7. லண்டனுக்கு மாலை வேளை. இரவு நேரத்தில் விழித்திருக்க முடியாதவர்கள் ஆண்ட்ராய்டில் டஸ்கி என்ற செயலியைப் போட்டுக்கொண்டால் பதிவை நேரம் குறித்து வைக்கலாம். மாஸ்டடானின் சொந்த வலைப்பக்கத்தில் அந்த வசதி இல்லை.

முக்கியமான பதிவை இரண்டு நாள் கழித்து நீங்களே பூஸ்ட் செய்துகொள்ளலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். தினமும் செய்தால் நினைப்பார்கள்.

தொல்லை வந்தால்

பிடிக்காதவர்களை மௌனமாக்கலாம், தடுக்கலாம், ஒரு சர்வர் முழுவதையுமே உங்கள் பார்வையிலிருந்து விலக்கலாம். சொல் வடிகட்டி ரொம்பப் பயன்படும். ஐபிஎல் இறுதி ஆட்டத்தை மறுநாள் பார்க்கப் போகிறவர் அந்தச் சொற்களை ஒரு நாளைக்கு மட்டும் மறைத்து வைக்கலாம். கெடு முடிந்ததும் வடிகட்டி தானே விலகிவிடும்.

புகார் கொடுப்பதில் தமிழருக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. உங்கள் புகாரைப் படிப்பவர் உங்கள் சர்வரின் நிர்வாகி, பெரும்பாலும் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருப்பவர். தமிழில் எழுதிய வசவு அவருக்கு வெறும் சுழித்த எழுத்து. எனவே புகாரில் குறிப்பு எழுதும் இடத்தில், அந்தப் பதிவு என்ன சொல்கிறது, ஏன் அது சாதி வசவு அல்லது மிரட்டல் என்று ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வரி எழுதுங்கள். மொழிபெயர்ப்பு மென்பொருள் சாதிப் பெயர்களையும் இரட்டை அர்த்தத்தையும் பிடிக்காது. எதிராளி வேறு சர்வர் என்றால் அந்த நிர்வாகிக்கும் அனுப்பச் சொல்லும் தெரிவையும் அழுத்துங்கள்.

தனிச்செய்தி என்று இங்கே இருப்பது உண்மையில் குறிப்பிட்டவருக்கு மட்டும் தெரியும் பதிவுதான். முழு மறையாக்கம் கிடையாது. சர்வரை நடத்துபவர் நினைத்தால் படிக்க முடியும். இன்னொரு பொறி: தனிச்செய்தியில் மூன்றாம் ஆள் ஒருவரைப் பற்றிப் பேசும்போது அவருடைய முகவரியை @ குறியோடு எழுதினால், அந்தச் செய்தி அவருக்கும் போய்விடும். புறணி பேசுவதற்கு இது இடமில்லை. சிங்பாஸ் விவரம், வங்கி விவரம், வேலை அனுமதி அட்டையின் படம் எதையும் இங்கே அனுப்பாதீர்கள். மோசடி என்று சந்தேகம் வந்தால் ஸ்கேம்ஷீல்டு எண் 1799.

சர்வர் ஜெர்மனியில் இருக்கிறது என்பதற்காக எழுதுகிறவர் சிங்கப்பூர்ச் சட்டத்துக்கு வெளியே போய்விடுவதில்லை. இணையப் பொய்ச் செய்திகளுக்கு எதிரான பொஃப்மா சட்டம் 2019 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. துன்புறுத்தும் நோக்கத்தோடு ஒருவருடைய அடையாள விவரங்களை வெளியிடுவது 2020 முதல் குற்றம். இனத்தையும் சமயத்தையும் இழித்து எழுதினால் என்ன ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பூஸ்ட் செய்வதும் ஒருவகையில் பரப்புவதுதான். வாட்ஸ்அப்பில் வந்த பரபரப்புச் செய்தியைச் சரிபார்க்காமல் இங்கே கொண்டுவந்து போடாதீர்கள்.

பக்கத்து வீடுகள்

மாஸ்டடான் கணக்கு இருந்தால் வேறு பல தளங்களும் எட்டும். படங்களுக்குப் பிக்செல்ஃபெட், காணொளிக்குப் பியர்டியூப், படித்த நூல்களைப் பற்றிப் பேச புக்விர்ம். அங்கே இருப்பவர்களை மாஸ்டடானிலிருந்தே பின்தொடரலாம். வேர்ட்பிரஸில் எழுதுகிறவர்கள் ஆக்டிவிட்டிபப் நீட்சியைப் போட்டுக்கொண்டால் அவர்கள் வலைப்பதிவே ஒரு கணக்காகிவிடும். புதுக் கட்டுரை வந்ததும் பின்தொடர்பவர் முகப்பில் வந்து நிற்கும். தமிழில் நீளமாக எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. மெட்டாவின் திரெட்ஸில் இருப்பவர்களில், பகிர்வதற்கு அனுமதி கொடுத்தவர்களை மட்டும் இங்கிருந்து தொடர முடியும். சில சர்வர்கள் திரெட்ஸை முழுவதுமாகத் தடுத்துவைத்திருக்கின்றன.

புளூஸ்கை வேறு நெறிமுறையில் இயங்குகிறது. 2024 பிப்ரவரியில் அழைப்பில்லாமல் யாரும் சேரலாம் என்று திறந்தார்கள். டுவிட்டரைப் போலவே இருக்கும், பழகுவது சுலபம், பதிவுக்கு 300 எழுத்து, ஆட்களைத் தொகுத்துக் கொடுக்கும் தொடக்கப் பட்டியல்களும் உண்டு. ஆனால் பெரும்பாலானோரின் கணக்குகள் இன்னும் அந்த ஒரே நிறுவனத்தின் சர்வர்களில்தான் இருக்கின்றன, பின்தொடர்பவர்களுக்கு மட்டும் என்று எழுதும் வசதியும் இல்லை. நண்பர்கள் அங்கே இருந்தால் அங்கேயும் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே பிரிட்ஜி ஃபெட் என்ற பாலம் இருக்கிறது. எழுதுகிறவர் அதில் சேரச் சம்மதித்தால் அவருடைய பதிவுகள் அக்கரைக்கும் தெரியும்.

மூட்டையைத் தயாராக வைப்பது

சர்வர் மூடப்படலாம், விதி மாறலாம், உங்களுக்கே பிடிக்காமல் போகலாம். மாறுவது சுலபம், வரிசை மட்டும் முக்கியம். முதலில் புது சர்வரில் கணக்கு திறங்கள். புதுக் கணக்கின் அமைப்புகளில் பழைய முகவரியை மாற்றுப் பெயராகச் சேருங்கள். பிறகு பழைய கணக்குக்குப் போய் 'இடம் மாறு' என்று சொல்லுங்கள். பின்தொடர்பவர்கள் தாமாகவே புது இடத்துக்கு நகர்வார்கள். நீங்கள் பின்தொடர்பவர்கள், தடுத்தவர்கள், பட்டியல்கள், புத்தகக்குறிகள் ஆகியவற்றைக் கோப்புகளாக இறக்கி, புதிய கணக்கில் நீங்களே ஏற்ற வேண்டும். எழுதிய பதிவுகள் மட்டும் வராது, பழைய முகவரியிலேயே தங்கிவிடும். ஒருமுறை மாறினால் மறுபடி மாற 30 நாள் காத்திருக்க வேண்டும்.

இதெல்லாம் பழைய சர்வர் உயிரோடு இருக்கும்போதுதான் நடக்கும். அது மூடிய பிறகு பின்தொடர்பவர்களை நகர்த்த வழியே இல்லை. ஆகவே இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்கள் பின்தொடரும் ஆட்களின் பட்டியல் கோப்பையும், பதிவுகளின் முழுக் காப்பகத்தையும் இறக்கிக் கணினியில் வையுங்கள். காப்பகத்தை ஏழு நாளுக்கு ஒருமுறைதான் கேட்க முடியும், தயாராகச் சற்று நேரம் பிடிக்கும். நிர்வாகி 'மூடப் போகிறோம்' என்று அறிவித்தால் அன்றைக்கே மாற்றத்தைத் தொடங்குங்கள். கடைசி நாளில் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள், சர்வர் திணறும்.